பெயரும் கொடையும்: செரோக்கி பிள்ளைகளின் கல்விக்கு அமெரிக்கத் திருச்சபையினர் அளித்த உதவி (1817–1839)

முன்னுரை

ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை ஆகியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ்க் கல்வி வரலாற்றில் நிலைபெற்ற பெயர்களுக்கு உரியோர். ‘பாவலர் சரித்திர தீபகம்’ (1886), ‘வீசகணிதம்’ (1855) முதலிய நூல்கள் இவர்களுடைய உழைப்பில் விளைந்தவை. இவர்தம் பெயர்களின் முன்னே நிற்கும் அயற்பெயர்கள் அமெரிக்கன் மிஷன் பள்ளிகளில் நிலவிய ஒரு வழக்கத்தை நினைவூட்டுகின்றன. ஒரு பிள்ளையின் உணவுக்கும் உடைக்கும் கல்விக்கும் ஆண்டுதோறும் பணம் அனுப்பும் அமெரிக்கர், தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு இடலாம் என்பதே அவ்வழக்கம்.

1816இல் யாழ்ப்பாணத்திலும் 1834இல் மதுரையிலும் பணி தொடங்கிய இதே மிஷன், 1817இல் தன் நாட்டின் தென்பகுதியில் வாழ்ந்த செரோக்கி பழங்குடியினரிடையேயும் பள்ளி நிறுவியது. அங்கும் பெயரிடும் உரிமையோடு கூடிய கொடைமுறை கையாளப்பட்டது. அக்கொடை எவ்வாறு இயங்கியது, கொடை பெற்ற பிள்ளைகள் தாம் பெற்ற எழுத்தறிவை எதற்குப் பயன்படுத்தினர் என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

பிரெய்னெர்ட் பள்ளியும் கொடைமுறையும்

பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இம்மிஷன் 1810இல் தோற்றுவிக்கப்பட்டது. சைரஸ் கிங்ஸ்பரி என்னும் மிஷனரி 1817இல் இன்றைய டென்னசி மாநிலத்துச் சாட்டனூகா நகர் அமைந்துள்ள பகுதியில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அது பின்னர்ப் பிரெய்னெர்ட் எனப் பெயர் பெற்றது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பயின்றனர். எழுத்தும் கணக்கும் விவிலியமும் கற்றதோடு, ஆண்பிள்ளைகள் வயல்வேலையும் பெண்பிள்ளைகள் நூற்றலும் தையலும் பழகினர்.

பழங்குடியினரை ‘நாகரிகப்படுத்தும்’ பணிக்கென அமெரிக்க நடுவண் அரசு 1819ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி ஆண்டுக்கு 10,000 டாலர் ஒதுக்கியது. நாடு முழுமைக்குமான இத்தொகை போதுமானதன்று. எனவே வடமாநிலங்களின் திருச்சபைகளும் பெண்கள் சங்கங்களும் திரட்டி அனுப்பிய சிறுசிறு தொகைகளே பள்ளிகளைத் தாங்கின. தொலைவில் இருப்போர் முகமறியாப் பிள்ளைக்கு ஆண்டுதோறும் தவறாது பணம் அனுப்புதல் எளிதன்று. அப்பிள்ளை தம் போதகரின் பெயரையோ மறைந்த உறவினரின் பெயரையோ தாங்கி நிற்கும்போது கொடை உறவாக மாறுகின்றது. இவ்வகையில் பெயரிடும் உரிமை, கொடை தொடர்ந்து வருவதற்கான பிணைப்பாக அமைந்தது எனலாம்.

செரோக்கியர் இவ்வுதவியை வாளா ஏற்றவர் அல்லர். ஒப்பந்தம் தோறும் நிலத்தை இழந்துவந்த அவர்களுடைய தலைவர்கள், ஆங்கில எழுத்தறிவின்றி வெள்ளையரோடு வழக்காட இயலாது என்பதை உணர்ந்திருந்தனர். மதமாற்றத்தைக் காட்டிலும் பள்ளியையே அவர்கள் பெரிதும் விரும்பினர். பிள்ளைகளைத் தாம் வேண்டியபோது திரும்ப அழைத்துக்கொள்ளும் உரிமையையும் பெற்றோர் விட்டுக்கொடுக்கவில்லை. பிரெய்னெர்ட்டின் புகழ்பெற்ற மாணவியான கேத்தரின் பிரௌனை 1818இல் அவருடைய பெற்றோர் அழைத்துச் சென்றதும், அடுத்த ஆண்டில் அவர் மீண்டு வந்ததும் இதற்குச் சான்றாகும்.

பெயர் மாற்றம்: இரு சான்றுகள்

செரோக்கியரிடம் சிறைப்பட்டிருந்த ஓசேஜ் இனச் சிறுமி ஒருத்தியை மீட்பதற்கு நாட்செஸ் நகரைச் சேர்ந்த லிடியா கார்ட்டர் என்னும் பெண்மணி பணம் தந்தார். மீட்கப்பட்டுப் பிரெய்னெர்ட்டில் சேர்க்கப்பட்ட சிறுமிக்கு அவருடைய பெயரே இடப்பட்டது. பின்னர் அரசு அவளை அவளுடைய இனத்தாரிடம் திருப்பியனுப்ப ஆணையிட்டது. பள்ளியைப் பிரிந்த அச்சிறுமி 1821இல் இறந்தாள். எலியாஸ் கொர்னேலியஸ் 1822இல் வெளியிட்ட சிறுநூலால் அவள் கதை பரவியது. அவள் கொடையாளரின் பெயராலேயே இன்றும் அறியப்படுகிறாள்.

மற்றொரு சான்று கல்லகீனா என்னும் செரோக்கி இளைஞர். ஆண்மானைக் குறிப்பது அப்பெயர். 1818இல் கனெக்டிகட் மாநிலத்துக் கார்ன்வால் ஊரில் மிஷன் நடத்திய பள்ளிக்குச் செல்லும் வழியில், அமெரிக்க விவிலியச் சங்கத்தின் முதல் தலைவரான எலியாஸ் பூடினோவை அவர் சந்தித்தார். அம்முதியவரின் இசைவோடு அவர் பெயரையே தம் பெயராகக் கொண்டார்.

இக்கொடையுறவின் எல்லை விரைவிலேயே புலப்பட்டது. இளைய பூடினோவுக்கும் அவ்வூர்ப் பெண்ணான ஹேரியட் கோல்டுக்கும் திருமணம் முடிவான செய்தி 1825இல் வெளிப்பட்டதும், ஊரார் மணமக்களின் உருவப்பொம்மைகளை எரித்தனர். 1826இல் திருமணம் நடைபெற்றது; எதிர்ப்பு ஓயாத நிலையில் கார்ன்வால் பள்ளியும் மூடப்பட்டது. பழங்குடி இளைஞருக்குத் தம் பெயரை ஈந்த சமூகம், அவரை மருமகனாக ஏற்க மறுத்தது என்பது இங்கு எண்ணத்தக்கது.

மாணவியர் மடல்கள்

கொடையாளர்க்குப் பிள்ளைகள் மடல் எழுதுவதும் இம்முறையின் ஒரு கூறாகும். பிரெய்னெர்ட் மாணவியர் 1828, 1829 ஆம் ஆண்டுகளில் வடமாநிலத்தார்க்கு எழுதிய மடல்களின் படிகள் கிடைத்துள்ளன. நான்சி ரீஸ் என்னும் மாணவி இவற்றுள் பலவற்றை எழுதியவர். பாடங்கள், வீட்டுவேலை, நன்றியுரை என்பனவே இம்மடல்களில் எதிர்பார்க்கப்பட்ட செய்திகள். அவற்றினூடே எதிர்பாராத செய்தி ஒன்றும் இடம்பெறுகின்றது. செரோக்கியரை மேற்கே அனுப்பிவிடும் திட்டம் பற்றிப் பள்ளித்தோழியர் பேசிக்கொண்டவற்றை நான்சி ரீஸ் எழுதுகிறார். வெள்ளையரிடம் அவர்கள் பயன்படுத்துவதினும் மிகுதியான நிலம் இருக்கின்றது. பின்னும் எங்கள் நிலத்தை ஏன் நாடுகின்றனர் என்பது ஒருத்தியின் வினா. நிலம் வேண்டுமாயின் அவர்கள் தாம் வந்த நாட்டிற்கே திரும்பட்டும் என்பது மற்றொருத்தியின் விடை. நன்றி கூறுவதற்காகக் கற்பிக்கப்பட்ட மொழி, உரிமை கேட்கும் மொழியாக மாறியதை இம்மடல்கள் காட்டுகின்றன.

இதே காலத்தில், மிஷனின் செயலர் ஜெரமையா எவர்ட்ஸ் 1829இல் ‘வில்லியம் பென்’ என்னும் புனைபெயரில் வெளியேற்றத்தை எதிர்த்துக் கட்டுரைகள் வரைந்தார். கேத்தரின் பீச்சரின் முயற்சியால் வடமாநிலப் பெண்கள் பலர் நாடாளுமன்றத்திற்கு விண்ணப்பங்கள் அனுப்பினர். பள்ளிக்குப் பணம் தந்த திருச்சபை வட்டாரங்களிலிருந்தே இவ்வெதிர்ப்பு பெரிதும் எழுந்தது.

நிலப்பறிப்பும் பள்ளியின் முடிவும்

1828 பிப்ரவரி 21இல் ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ இதழ் நியூ எக்கோட்டாவில் வெளிவந்தது. சிக்வோயா 1821இல் நிறைவுசெய்த செரோக்கி எழுத்திலும் ஆங்கிலத்திலும் அச்சான அவ்விதழின் ஆசிரியர் எலியாஸ் பூடினோ ஆவார். கொடையாகப் பெற்ற பெயர், தம் மக்களின் உரிமைக்குரலை வெளியிட்ட முதல் செரோக்கி இதழில் ஆசிரியர் பெயராக நின்றது.

எனினும் 1830 மே மாதம் வெளியேற்றச் சட்டம் பிரதிநிதிகள் அவையில் 102க்கு 97 என்னும் வாக்குகளால் நிறைவேறியது. செரோக்கியர்க்கு ஆதரவாக 1832இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பும் பயனளிக்கவில்லை. நம்பிக்கையிழந்த பூடினோ 1835 டிசம்பர் 29இல், செரோக்கி அரசின் ஒப்புதலின்றியே, நிலத்தைக் கையளிக்கும் நியூ எக்கோட்டா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். 1838–39இல் ஏறத்தாழ 16,000 செரோக்கியர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் 4,000 பேர் வரை மாண்டனர் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு. பிரெய்னெர்ட் பள்ளி 1838இல் மூடப்பட்டது. 1839 ஜூன் 22இல் பூடினோ, ஒப்பந்தத்தை எதிர்த்த தம் இனத்தாராலேயே கொல்லப்பட்டார்.

முடிவுரை

இவ்வாய்வால் இரு கருத்துகள் புலனாகின்றன. ஒன்று, இக்கொடை எழுத்தறிவை உண்மையாகவே வழங்கியது. அதற்கு விலையாகப் பிள்ளையின் பெயரின்மீது உரிமை கொண்டது. மற்றொன்று, கொடையாளர் பிள்ளைக்குக் கல்வி தர முடிந்தது. அப்பிள்ளை வாழ்ந்த நிலத்தைக் காக்க முடியவில்லை. கற்றதை எதற்குப் பயன்படுத்துவது என்பதைக் கொடையாளரின் விருப்பம் முழுமையாக வரையறுக்கவில்லை என்பதற்கு மாணவியர் மடல்களும் ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ இதழும் சான்றாகின்றன.

யாழ்ப்பாணத்தில் நிலம் பறிபோகவில்லை. எனவே அங்கு அயற்பெயர் தமிழ்ப்பெயரோடு இணைந்து ஒரு கல்வி மரபின் அடையாளமாக நிலைத்தது. செரோக்கி நாட்டில் அதே பெயரிடும் வழக்கம், நிலமிழந்த மக்களின் வரலாற்றில் ஆறாத வடுவோடு கலந்து நிற்கின்றது. கொடையின் வரலாற்றை எழுதுவோர், கொடுத்தவரின் கணக்கேடுகளோடு பெற்றவரின் எழுத்துகளையும் ஒருங்கே வைத்துப் படித்தல் வேண்டும்.