கோப்பும் அதன் எண்ணும்: சி மொழிச் சரிபார்ப்புக் கருவிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கணனியின் வரலாறு பெரும்பாலும் இயந்திரங்களின் வரலாறாகவும் அவற்றை ஆக்கிய நிறுவனங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வியந்திரங்களில் நாளாந்தம் இயங்கும் சிறு செய்நிரல்களுக்கும் ஒரு வரலாறு உண்டென்பது போதிய அளவு உணரப்படவில்லை. கோப்பொன்றை முதலிலிருந்து இறுதிவரை வாசித்து, அதன் உள்ளடக்கம் முழுவதற்கும் ஈடாக ஓர் எண்ணைத் தரும் கருவி அத்தகைய செய்நிரல்களுள் ஒன்றாகும். ஒரே உள்ளடக்கம் என்றும் ஒரே எண்ணையே தரும். உள்ளடக்கம் சிறிது திரியினும் எண் வேறுபடும் என்பது எதிர்பார்ப்பு. இவ்வெண்ணை ஹாஷ் என வழங்குவர். கட்டளை வரியிற் பெயரைத் தட்டெழுதி இயக்கப்படும் இக்கருவியைச் சி மொழியிற் சில நூறு வரிகளுள் எழுதிவிடலாம். எனினும் அது தரும் எண் எதனை உறுதிப்படுத்துகின்றது என்ற வினாவுக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கூறப்பட்டுள்ளன. அவ்விடைகளின் வரலாறே ஈண்டு ஆராயப்படுகின்றது.

பெல் ஆய்வுகூடத்திலே தோன்றிய யூனிக்ஸ் முறைமையில் 1970களிலேயே 'சம்' என்னுங் கருவி வழக்கிலிருந்தது. பெயருக்கேற்ப அது செய்தது கூட்டலேயாகும். பிற்காலத்தில் இக்கருவிக்கு இரு மரபுகள் நிலைபெற்றன. சிஸ்டம் 5 மரபு பைற்றுகளை வெறுமனே கூட்டி, விடையை 16 பிற்றுகளுள் ஒடுக்கிற்று. பேர்க்லி மரபு ஒவ்வொரு பைற்றையும் கூட்டுமுன் இருக்குந் தொகையை ஓரிடம் வலப்புறமாகச் சுழற்றிற்று. முன்னதில் பைற்றுகள் இடம்மாறிக் கிடந்தாலும் தொகை மாறாது. பின்னது அக்குறையை ஓரளவு நீக்கிற்று. இரண்டிலும் இயலக்கூடிய விடைகள் 65,536 மட்டுமே. அன்றியும், ஒரே கோப்புக்கு இரு முறைமைகளும் இரு வேறு எண்களைத் தந்தன. இக்குழப்பத்தைத் தீர்க்கும் பொருட்டே 1992இல் வெளியான பொசிக்ஸ் நியமம், 32 பிற் சுழல் மிகைமைச் சோதனையை அடிப்படையாகக் கொண்ட 'சிகேசம்' என்னும் புதிய கருவியை விதித்தது. இவையாவும் விபத்தை நோக்கி எழுந்தவை என்பது மனங்கொள்ளத்தக்கது. நாடா பழுதுற்றதா, தொலைபேசிக் கம்பியில் இரைச்சல் கலந்ததா என்பனவே அன்றைய ஐயங்கள். மனிதன் வேண்டுமென்றே வஞ்சிப்பான் என்ற எண்ணம் அக்கணிதத்தில் இடம்பெறவில்லை.

அவ்வெண்ணத்தைக் கணிதத்துட் புகுத்தியோருள் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த றொனால்ட் றிவெஸ்ற் முதன்மையானவர். 1992 ஏப்ரலில் ஆர்எஃப்சி 1321 என்னும் ஆவணமாக அவர் வெளியிட்ட எம்டி5 நெறிமுறை, எத்துணை நீளமான கோப்பையும் 512 பிற் துண்டங்களாக எடுத்து, 64 படிகளிற் கலக்கி, 128 பிற் எண்ணாகச் சுருக்கித் தந்தது. இவ்வாவணம் நெறிமுறையின் நோக்கத்தையும் வெளிப்படையாகக் கூறுகின்றது. இலக்கமுறைக் கையொப்பம் இடுமுன் பெரிய கோப்பைச் சிறியதாக்குதலே அந்நோக்கம். கையொப்பத்துக்குத் துணையாகவே ஹாஷ் பிறந்தது என்ற இவ்வுண்மை பின்னர் மறக்கப்பட்டது. அதன் விளைவைப் பின்னர் காண்போம்.

அவ்வாவணத்தின் பின்னிணைப்பிலே நெறிமுறையின் சி மொழி வடிவமும் அதனை இயக்கிப் பார்ப்பதற்கான ஒரு சிறு கட்டளைவரிச் செய்நிரலும் அச்சிடப்பட்டுள்ளன. பின்வந்த கருவிகள் பலவற்றின் அமைப்பு இதிலே தெளிவாகக் காணப்படுகின்றது. கோப்பை இரும முறையில் திறத்தல். தொடக்க நிலையை அமைத்தல். 1,024 பைற்றுகளாக வாசித்து ஒவ்வொரு தடவையும் நிலையைப் புதுப்பித்தல். வாசிக்க ஏதும் எஞ்சாதபோது முடிவை எழுதுதல். கோப்பு எத்துணை பெரிதாயினும் நினைவகத்தில் ஓராயிரம் பைற்றுகளுக்கே இடம் வேண்டும். இதன் எளிமை வியக்கத்தக்கது. ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. 'எஃப்ரீட்' என்னும் வாசிப்புச் சார்பு பூச்சியத்தைத் தந்தால் தடம் நின்றுவிடும். கோப்பு முடிந்தாலும் பூச்சியம். வட்டு பழுதுற்று வாசிப்பு இடையில் முறிந்தாலும் பூச்சியம். இரண்டையும் பிரித்தறிய 'எஃப்எரர்' என்னுஞ் சார்பை வினவுதல் வேண்டும். மாதிரிச் செய்நிரல் அதனை வினவவில்லை. ஆகவே பாதி வாசித்த கோப்புக்கும் அது முழுமையான தோற்றமுடைய ஓர் எண்ணைத் தயக்கமின்றித் தரும். பழைய கூட்டற் கருவிகள் எந்த விபத்துக்கு அஞ்சி எழுந்தனவோ, அதே விபத்து புதிய கருவியின் வாயிலில் காவலின்றி விடப்பட்டது. விளக்கத்துக்கென எழுதப்பட்ட மாதிரியைக் குறைகூறல் தகாது எனச் சிலர் வாதிடலாம். மாதிரியே பெயர்த்தெழுதப்படுகின்றது என்பதே அதற்கு விடை.

பெயர்த்தெழுதலின் வரலாறு தனியே நோக்கற்பாலது. றிவெஸ்றின் மூலம் நான்கு பைற் எண்ணைக் குறிக்கச் சி மொழியின் 'லோங்' வகையைப் பயன்படுத்திற்று. 64 பிற் யூனிக்ஸ் முறைமைகளில் அவ்வகை எட்டுப் பைற்றுகளாயிற்று. மாற்றமின்றித் தொகுக்கப்பட்ட செய்நிரல் அங்கு பிழையான விடையைத் தந்தது. அளவு வரையறுக்கப்பட்ட எண் வகைகளை 1999ஆம் ஆண்டின் சி நியமம் ஏற்றபின்னரே இச்சிக்கலுக்குப் பொதுவான தீர்வு கிடைத்தது. நற்பேறாக இவ்வழு தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது. ஆவணத்திலுள்ள ஏழு சோதனைச் சரங்களை இயக்கிய எவரும் அதனைக் கண்டிருப்பர்.

இன்னொரு வழு அவ்வாறு வெளிப்படவில்லை. றிவெஸ்றின் செய்நிரல் ஒரு வணிக நிறுவனத்தின் உரிமைக் குறிப்புடன் வெளிவந்தமையால், 1993இல் கொலின் பிளம்ப் என்பார் உரிமை கோராத ஒரு வடிவத்தைப் புதிதாக எழுதினார். அது எண்ணற்ற செய்நிரல்களுட் சென்று சேர்ந்தது. கணிப்பு முடிந்ததும் இடைநிலைத் தரவை நினைவகத்திலிருந்து அழிப்பதற்கென அதில் ஒரு வரி உண்டு. அவ்வரியில் அமைப்பின் அளவுக்குப் பதிலாக அதனைச் சுட்டும் சுட்டியின் அளவு எழுதப்பட்டுவிட்டது. ஓர் உடுக்குறி விடுபட்டமையே காரணம். இதனால் நான்கு அல்லது எட்டுப் பைற்றுகளே அழிந்தன. எஞ்சியவை அவ்வாறே கிடந்தன. ஹாஷ் விடையோ முற்றிலுஞ் சரியாக வந்தது. எனவே எச்சோதனையும் அதனைக் காட்டவில்லை. படியெடுத்தோர் வழுவையும் சேர்த்தே படியெடுத்தனர். ஏட்டுச்சுவடிகளைப் பரிசோதித்துப் பழகியோர்க்கு இது புதிதன்று. பொருள் கெடாத பிழையே ஏடுகளில் நெடுங்காலம் வாழ்கின்றது.

குனு திட்டத்துக்காக உல்றிச் ட்றெப்பர் எழுதிய 'எம்டி5சம்' இக்கருவியைப் பொதுவழக்குக்குக் கொணர்ந்தது. எண்ணையும் கோப்பின் பெயரையும் ஒரே வரியில் எழுதியதும், அவ்வாறெழுதிய பட்டியலை மீளவாசித்துக் கோப்புகளைச் சரிபார்த்ததும் அதன் சிறப்புகள். மென்பொருள் வழங்குவோர் கோப்பின் அருகே அதன் எண்ணையும் வெளியிடும் வழக்கம் இதனால் எளிதாயிற்று. கையொப்பத்துக்குத் துணையாகப் பிறந்த ஹாஷ் இவ்வாறு கையொப்பத்தினின்றும் பிரிந்து தனித்து நிற்கலாயிற்று.

இதற்கிடையில் நெறிமுறையே தளரத் தொடங்கிற்று. 2004 ஓகஸ்டில் சீன ஆய்வாளர் சியாவொயுன் வாங்கும் அவர்தம் குழுவினரும் ஒரே எம்டி5 எண்ணைத் தரும் இருவேறு தரவுகளை வெளியிட்டனர். முதலில் அவர்கள் தந்த எடுத்துக்காட்டு, தொடக்க மாறிலிகளின் பைற் ஒழுங்கு பிறழ்ந்தமையால் உண்மையான எம்டி5க்குப் பொருந்தவில்லை. விரைவில் அது திருத்தப்பட்டது. 2012இல் வெளிப்பட்ட 'ஃபிளேம்' என்னும் உளவு மென்பொருள் இவ்வகைத் தாக்குதலாலேயே மைக்றோசொஃப்ற் நிறுவனத்தின் சான்றிதழ்போற் போலியொன்றைக் கொண்டிருந்தது. எஸ்எச்ஏ‑1க்கும் 2017 பெப்ரவரியில் அதே கதி நேர்ந்தது. அம்ஸ்ரர்டாமிலுள்ள ஆய்வு நிலையமொன்றும் கூகிள் நிறுவனமும் ஒரே எண்ணுடைய இரு ஆவணங்களை வெளியிட்டன.

இவ்வரலாறு பொதுவாக, வலுவற்ற நெறிமுறையை வலுவுடையது வென்ற கதையாகவே கூறப்படுகின்றது. அக்கூற்று முழுமையானதன்று. 2016 பெப்ரவரி 20ஆந் திகதி லினக்ஸ் மின்ற் திட்டத்தின் இணையத்தளத்துட் புகுந்தோர், பதிவிறக்க இணைப்பை மாற்றி, இரகசிய வாயில் பொருத்திய 17.3 சினமன் பதிப்பை மக்களுக்கு வழங்கினர். திட்டத்தினர் மெய்யான கோப்புகளின் எம்டி5 எண்களை வெளியிட்டு, ஒப்பிட்டுப் பார்க்குமாறு வேண்டினர். ஈண்டு எம்டி5இன் தளர்ச்சி காரணமன்று. ஒரே எண்ணுடைய இரு கோப்புகளைப் புதிதாக ஆக்குதல் வேறு. பிறர் ஆக்கிய கோப்பொன்றின் எண்ணுக்குப் பொருந்தப் போலி செய்தல் வேறு. பின்னதற்கு எம்டி5இலுங்கூட நடைமுறைக்கேற்ற வழி இன்றுவரை கண்டறியப்படவில்லை. ஆயினும் தளத்தையே கைப்பற்றியவனுக்கு இவற்றுள் எதுவுந் தேவையில்லை. கோப்பை மாற்றிய கை அதன் அருகிலுள்ள எண்ணையும் மாற்றிவிடலாம். அந்நிலையில் எஸ்எச்ஏ‑256 ஆயினும் பயனர் காண்பது பொருத்தமான எண்ணையே. இன்று அத்திட்டம் எண்களின் பட்டியலோடு அப்பட்டியலுக்கான கையொப்பக் கோப்பையும் வழங்குகின்றது. 1992இல் றிவெஸ்ற் கருதிய இணைப்பு இவ்வாறு மீண்டது. எனினும் அக்கையொப்பத்தைச் சரிபார்க்கும் வேலை பயனரிடமே விடப்பட்டுள்ளது.

குனு கருவிகளின் 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் 'சிகேசம்' புதிய வசதியொன்றைப் பெற்றது. எந்நெறிமுறை வேண்டுமெனப் பெயர் சுட்டினால் அது அதனைக் கணித்துத் தரும். பேர்க்லி, சிஸ்டம் 5 ஆகிய இரு கூட்டல் மரபுகளும் எம்டி5உம் எஸ்எச்ஏ குடும்பமும் அதனுள் அருகருகே உள்ளன. பெயர் சுட்டாது இயக்கினாலோ, 1992இல் விதிக்கப்பட்ட 32 பிற் சோதனையையே அது இன்றும் நடத்துகின்றது.