பழைய வைரமும் பார்த்தறியும் கண்ணும்



ஜவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூரில், நம் அன்னையார் விட்டுச்சென்ற பொருள்களைப் பங்கிட வாரிசுகள் கூடி அமர்ந்தோம். நிலமும் ரொக்கமும் எளிதில் கணக்கில் வந்தன. அவர்கள் அணிந்திருந்த ஏழுகல் வைரத்தோட்டில்தான் தடை ஏற்பட்டது. விலை தெரியாமல் பங்கு தெரியாது. பங்கு பிழைத்தால் ஒருவரின் உரிமை மற்றவர் கைக்குப் போய்விடும். முதலில் காட்டிய கடையில், "பழைய பட்டை, ஒளி போதாது, பாதி விலை தருகிறோம். இல்லையென்றால் புதிதாகப் பட்டை தீட்டிக்கொள்ளுங்கள்" என்றனர். நாம் தோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டோம். மதரஸா விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆவுக்குப் பின் வேலூர்க் கடைத்தெருவுக்குச் சென்று, விற்பதற்காக அன்றி அறிந்துகொள்வதற்காகவே கடை கடையாக ஏறினோம்.

மணிகளைப் பற்றிய அறிவு நெடுங்காலமாகக் கண்ணாலும் கையாலும் வளர்ந்ததே. 11ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்பிரூனி, மணிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். முன்னோர் எழுதியதை அவர் அப்படியே ஏற்கவில்லை. மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் உருகிவிடும் என்று பலரும் நம்பிவந்தனர். அவரோ பாம்புக்கு மரகத மாலையையே அணிவித்து, மாதக்கணக்கில் சோதித்து, அக்கூற்று பொய்யெனக் கண்டார். மணிகளின் ஒப்படர்த்தியையும் கருவி கொண்டு அளந்தார். வைரத்தை நிறுக்கும் 'கேரட்' என்னும் சொல்லும் அரபியின் 'கீராத்' வழியே உலகெங்கும் பரவியது. ஜனாஸாத் தொழுகையின் நன்மையைக் கூறும் நபிமொழியில் நாம் கேட்கும் அதே கீராத்தான் அது.

நம் நாட்டுச் சந்தைகளும் இத்தகைய பள்ளிகளாகவே இருந்தன. 17ஆம் நூற்றாண்டில் தக்காணத்து வைரச் சுரங்கங்களைக் கண்ட பிரெஞ்சு வணிகர் தவர்னியே, 1676இல் வெளியிட்ட பயண நூலில் ஒரு காட்சியை விவரிக்கிறார். பத்து முதல் பதினாறு வயதுவரையுள்ள வணிகர் வீட்டுச் சிறுவர்கள், எடைக்கற்களும் பணப்பையுமாக ஊர் நடுவே மரத்தடியில் அமர்ந்திருப்பார்கள். யாரேனும் கல் கொண்டுவந்தால், மூத்தவன் பார்த்து அடுத்தவனிடம் தருவான். அது பேச்சின்றிக் கைமாறி, மீண்டும் அவனிடமே வந்துசேரும். அதன் பிறகே விலை பேசப்படும். பெரியவர்களோ இரவில், சுவர்க்குழியில் விளக்கேற்றி, அதன் ஒளியில் கல்லைப் பிடித்து நீரோட்டம் பார்ப்பார்களாம்.

அந்த விளக்கொளியை நினைவிற்கொண்டால் பழைய பட்டையின் தன்மை விளங்கும். அக்காலத்துக் கைவினைஞர் வைரத்தை வைரத்தால் தேய்த்தே உருவாக்கினர். கல்லின் எடை வீணாகாதபடி அதன் இயற்கை வடிவை ஒட்டியே தீட்டினர். ஆகவே பழைய கல் சரியான வட்டமாக இராது. மேல்முகம் சிறியதாகவும், உடல் தடித்தும், பட்டைகள் அகலமாகவும் இருக்கும். அடிமுனை தட்டையாக வெட்டப்பட்டிருப்பதால், மேலிருந்து பார்த்தால் நடுவில் சிறு வட்டம் தெரியும். 1919இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி, ஒளி மிகுதியாகத் திரும்பிவருவதற்கான கோணங்களைக் கணக்கிட்டு நூல் வெளியிட்டார். இன்றைய வட்ட வைரங்கள் பெரும்பாலும் அவ்வழியில் வந்தவை. கடையின் வெள்ளொளியில் புதியது முந்திக்கொள்ளும். விளக்கடியிலோ பழையதன் அகன்ற பட்டைகள் நிதானமாக, பெரும் பொறிகளாய் மின்னும்.

"புதிதாகப் பட்டை தீட்டுங்கள்" என்னும் அறிவுரைக்கும் வரலாறு விடை வைத்திருக்கிறது. 1851இல் லண்டன் கண்காட்சியில் கோஹினூரைக் கண்ட மக்கள், அது போதிய அளவு மின்னவில்லை எனக் குறைப்பட்டனர். மறு ஆண்டே அதைப் புதிதாகத் தீட்டினர். 186 கேரட் அளவில் இருந்த கல், ஏறத்தாழ 106 கேரட்டாகக் குறைந்தது. இழந்த எடையையும் பழைய உருவையும் இனி எவராலும் மீட்க இயலாது.

நாம் ஏறிய கடைகளில் ஒன்றில் இருந்த முதியவர், உருப்பெருக்கிக் கண்ணாடியை நம் கையில் தந்தார். தோட்டையும் புதிய கல் ஒன்றையும் அருகருகே வைத்து, வாசலின் பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார்; பிறகு மின்விளக்கை அணைத்துவிட்டுச் சிறு விளக்கடியில் காட்டினார். அந்தச் சிறு வட்டத்தை நம் கண்ணாலேயே கண்டோம். பின்புறம் மூடிக் கட்டிய கல்லின் எடையையும் குறையையும், கழற்றாமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. பின்னர் வாரிசுகள் முன்னிலையில் கற்களைக் கழற்றி நிறுத்து, மூன்று கடைகளில் தனித்தனியே மதிப்புக் கேட்டோம். மூன்றுமே முதற்கடை சொன்னதைவிட அதிகம். மூத்த சகோதரி தோட்டைத் தம் பங்கில் ஏற்று, மிகுதிக்கு உரிய தொகையை மற்றவர்களுக்குக் கொடுத்தார். தோடு, கட்டிய பழைய பட்டையோடு அவர் காதிலேயே இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பேழையிலும் இத்தகைய தோடோ மூக்குத்தியோ இருக்கலாம். விற்கும் முன், பங்கிடும் முன், தீட்டக் கொடுக்கும் முன், பல கடைகளுக்கு எடுத்துச் சென்று கேளுங்கள். வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அன்று மரத்தடிச் சிறுவர்கள் கற்றதை அவர்களும் கற்கட்டும். யாவற்றையும் நன்கறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.