ராஜா தேசிங்கு: சினிமாவில் பார்த்தது எவ்வளவு உண்மை? செஞ்சிக் கோட்டையின் நிஜக் கதை இதுதான்!

2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சிக் கோட்டை இடம்பிடித்தது. மராட்டியர்களின் 12 ராணுவக் கோட்டைகளில் ஒன்றாகத்தான் அந்தப் பெருமை கிடைத்தது. ஆனா செஞ்சி, வல்லம் பக்கம் போய்க் கேட்டால் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் தேசிங்குதான். சில மாதங்களே ஆண்ட ஒருவர் 300 வருஷம் கழித்தும் நினைவில் நிற்பது எப்படி?

யார் இந்த தேசிங்கு?

நிஜப் பெயர் தேஜ் சிங். புந்தேலா ராஜபுத்திரர். அப்பா சொரூப் சிங், முகலாயர் சார்பில் செஞ்சியை நிர்வகித்தவர். 1714-ல் அவர் இறந்ததும் மகன் பொறுப்புக்கு வந்தார்.

சண்டை ஏன் வந்தது?

காரணம், வரிப் பாக்கி. ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் பணத்தைக் கேட்டார். தேசிங்கு பணியவில்லை. நவாப்பின் பெரும்படைக்கு எதிரே தேசிங்கிடம் இருந்தது சில நூறு பேர்தான். 1714 அக்டோபர் 3-ம் தேதி அவர் போர்க்களத்தில் இறந்தார். அப்போது வயது 22 என்பார்கள்.

நாட்டுப்பாடல் என்ன சேர்த்தது?

யாராலும் அடக்க முடியாத டெல்லி பாதுஷாவின் குதிரையைச் சிறுவன் தேசிங்கு அடக்கியது, கல்யாணப் பந்தலில் இருந்து எழுந்து நண்பர் மகபத்கான் போருக்கு வந்தது எல்லாம் கதைப்பாடல் வழியாகப் பரவியவை. வரிப் பாக்கி மறந்துபோச்சு. இந்து-முஸ்லிம் நட்பு நிலைச்சு நின்னுடுச்சு.

சினிமா என்ன செய்தது?

டி.ஆர்.ரகுநாத் இயக்கிய 'ராஜா தேசிங்கு' 1960-ல் வெளியானது. எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம். பானுமதி, பத்மினியும் நடித்தனர். அந்த இரட்டை வேடம் திரைக்கான கற்பனை. வரலாற்றில் அப்படி எதுவும் இல்லை.

வெளிநாட்டில் எப்படி?

வரலாற்றோடு கற்பனையைக் கலக்க இன்னொரு வழியும் உண்டு. அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் பிளங்கெட்டின் 'ஸ்ட்ரம்பெட் சிட்டி' நாவலை 1980-ல் அந்நாட்டு ஆர்.டி.இ. தொலைக்காட்சி 7 பகுதித் தொடராக எடுத்தது. 1913-ல் டப்ளின் தொழிலாளர்களை வேலைக்கு விடாமல் முதலாளிகள் நடத்திய கதவடைப்புதான் கதை. தொழிற்சங்கத் தலைவர் ஜேம்ஸ் லார்கின் நிஜ மனிதர். அந்த வேடத்தில் பீட்டர் ஓ'டூல் நடித்தார். கதையைத் தாங்கும் ஏழைத் தொழிலாளர்கள் கற்பனைப் பாத்திரங்கள். அங்கே கற்பனை மனிதர்களை வைத்து நிஜச் சம்பவத்தைச் சொன்னார்கள். நம்ம ஊரில் நிஜ மனிதரின் வாழ்க்கையிலேயே கற்பனையைச் சேர்த்தார்கள்.

அப்போ எதை நம்புவது?

தேதி, போர், மரணம்: இவை வரலாறு. குதிரையும் கல்யாணப் பந்தலும் மக்கள் பாடிய கதை. இரட்டை வேடம் சினிமா. மூன்றையும் ரசிக்கலாம், கலந்துவிடக் கூடாது.

அடுத்த முறை ராஜகிரி ஏறினால், பக்கத்து நீலாம்பூண்டிக்கும் போய் வாங்க. மகபத்கானின் சமாதி என்று ஊர்மக்கள் காட்டும் இடம் அங்கேதான் இருக்கு.