நிலைபேறும் உரிமையும்: மலையக நோக்கில் நிறுவன லினக்ஸின் வரலாறு

கருவிகளின் வரலாறு, அவற்றைப் பயன்படுத்தும் மக்களின் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்கத்தக்கதன்று. நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் 2021ஆம் ஆண்டிலே தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. இவ்வருவாயிற் புதிய கணினி எட்டாக்கனியே. 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டுக் கல்வி இணையவழிக்கு மாறியபோது, இவ்வுண்மை எவரும் மறுக்கவியலாதவாறு வெளிப்பட்டது. ஆகவே லயத்து வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி இருக்குமாயின், அதனை இயக்கும் மென்பொருள் எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பது வெறும் தொழில்நுட்ப வினாவன்று. அக்குடும்பத்தின் வரவு செலவோடு பிணைந்த வினாவாகும்.

1991ஆம் ஆண்டிலே பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவினை வெளியிட்டார். அதனை மூலமாகக் கொண்டு முழுமையான இயங்குதளங்களைத் தொகுத்து வழங்கியோருள், 1994இல் தன் முதல் வழங்கலை வெளியிட்ட அமெரிக்காவின் ரெட் ஹாட் முதன்மையானது. 2003இல் அதன் போக்கு இரு கிளையாயிற்று. ஒன்று பெடோரா, ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பதிப்புக் காண்பது, ஒவ்வொரு பதிப்பும் பதின்மூன்று மாதமளவே பேணப்படுவது. மற்றையது கட்டணம் செலுத்தும் நிறுவனங்களுக்கான வழங்கல். நீண்ட காலம் பேணப்படுவது. மூலநிரல் திறந்திருந்தமையால், 2004இல் தன்னார்வலர் அதனை மீளத் தொகுத்துச் சென்டோஸ் என்னும் பெயரிற் கட்டணமின்றி வழங்கினர்.

மலையகத்தின் பெயரும் இவ்வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கி, பெடோராவை அடிப்படையாகக் கொண்டு இலங்கையில் ஆக்கப்பட்டது ஹந்தான லினக்ஸ். பாராட்டத்தக்க முயற்சியே அது. ஆயினும் அடித்தளமான பெடோராவின் ஆயுள் குறுகியது. அடிக்கடி பெருங்கோப்புகளை இறக்கி மேம்படுத்துவது இணைய வசதி குன்றிய மலைச்சரிவுகளில் எளிதன்று.

இந்நிலையில், நிறுவனங்களுக்கென ஆக்கப்பட்ட இயங்குதளத்தை நாளாந்த மடிக்கணினியில் நிறுவுவது பொருத்தமாகத் தோன்றுவது இயல்பே. 2014இல் வெளிவந்த சென்டோஸ் 7 தன் கருவின் அடிப்படைப் பதிப்பை மாற்றாது, பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற்று, 2024 ஜூன் 30 வரை வாழ்ந்தது. தமிழுக்கும் இங்கு இடமுண்டு. ரெட் ஹாட் 2004இல் வெளியிட்ட லோஹித் எழுத்துருத் தொகுதியிலே தமிழும் அடங்கியிருந்தது. குறைகளும் இல்லாமலில்லை. பழைய கரு புதிய கம்பியில்லா இணைப்புக் கருவிகளைச் சில வேளைகளில் இனங்காண்பதில்லை. காப்புரிமைச் சிக்கலாற் சில ஒலி, ஒளிக் கோப்புகள் கூடுதல் மென்பொருளின்றி இயங்குவதில்லை. எனினும் கட்டுரை எழுதவும் பாடநூல் படிக்கவும் விழையும் மாணவனுக்குப் புதுமையிலும் நிலைபேறே பெரிது.

அந்நிலைபேற்றை உறுதி செய்வோர் யாவர்? இதுவே தலையாய வினா. சென்டோஸ் 8 2029 வரை பேணப்படும் எனக் கூறப்பட்டிருந்தது. ஆயின் அதன் பொறுப்பை 2014 முதல் ஏற்றிருந்த ரெட் ஹாட், 2020 டிசம்பரில் அது 2021 இறுதியுடன் முடிவுறும் என அறிவித்தது. நம்பியிருந்தோர் வேறு வழி தேடினர்.

தொலைவில் எடுக்கப்படும் முடிவுகளின் விளைவை மலையக மக்கள் நன்கறிவர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அவர்தம் விருப்பைக் கேளாமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்க விடப்பட்டது. மென்பொருளின் முடிவை அத்துயரோடு ஒப்பிடுதல் தகாது. ஆனால் பிறர் அருளாற் கிடைக்கும் வசதி வேறு, தானே பங்குகொள்ளும் உரிமை வேறு என்ற பாடம் இரண்டிற்கும் பொதுவானது.

2021இல் அல்மா லினக்ஸ், ரொக்கி லினக்ஸ் என்பன அவ்விடத்தை நிரப்ப எழுந்தன. 2025 மேயில் வெளியான ரெட் ஹாட் நிறுவன வழங்கலின் பத்தாம் பதிப்பு, 2013க்கு முற்பட்ட செயலிகளைக் கைவிட்டது. பயனர் சமூகத்துக்கும் நிருவாகத்திற் பங்களிக்கும் அல்மாவோ அத்தகைய பழைய கணினிகள் பலவற்றிற்கெனத் தனித் தொகுப்பொன்றைத் தந்தது. மூலநிரலோ பெருமளவில் ஒன்றே. வேறுபட்டது முடிவெடுக்கும் கரமே.

எனவே மலையக மாணவர் இலவசமாய்க் கிடைப்பதைப் பெறுவதோடு அமைதல் போதாது. தமிழாக்கத்திலும் வழுத்திருத்தத்திலும் பங்குகொண்டு, முடிவெடுக்கும் அவைகளிலே தமக்கும் ஓர் இடத்தைத் தேடிக்கொள்ளல் வேண்டும். நெடுநாள் நிலைக்கும் கருவியைத் தேர்தல் முதற்படி. அதன் நிலைபேற்றை நிர்ணயிப்போருள் ஒருவராதலே அடுத்த படி.