கலைக்கூடத்தின் கதவு

கலைக்கு நிறமில்லை என்பார்கள். மேடையிலே சொல்ல இனிக்கும் சொல்தான். ஆனால், கலைக்கூடத்தின் கதவருகே நின்றவன் நிறம் பார்த்தான் என்பதை அமெரிக்க வரலாற்றிலே நாம் காண்கிறோம்.

புளோரிடாவில் 1892ல் பிறந்தவர் அகஸ்டா சாவேஜ், கருப்பினப் பெண். சின்னஞ்சிறு வயதிலேயே களிமண்ணில் வாத்துகளை வடித்தார். தந்தையோ மதபோதகர்! உருவம் வடிப்பது பாவமென அடித்தார். வேதம் ஓதிய வாய், குழந்தையின் கைத்திறனைக் குற்றமென்றது.

நியூயார்க் சென்று, கூப்பர் யூனியனில் சிற்பம் பயின்றார். 1923ல், பிரான்சு நாட்டு ஃபோன்டேன்புளோவில் நடைபெறவிருந்த கோடைக்காலக் கலைப்பள்ளிக்கு மனுச் செய்தார். தேர்வுக் குழுவினர் அமெரிக்கர். மறுத்துவிட்டனர்! ஏன்? திறமை போதாதா? அன்று, தோழர்களே! தென்மாநில வெள்ளை மாணவியர்க்கு, இவரோடு சேர்ந்து பயணம் செய்வதும் சேர்ந்து தங்குவதும் சங்கடமாகுமாம். உளி பிடிக்கும் கையைப் பார்க்க வேண்டியவர்கள், அந்தக் கையின் தோலைப் பார்த்தார்கள்.

அகஸ்டா அழுது ஓய்ந்தாரில்லை. ஏட்டிலே எழுதினார்; டூபாய்ஸ் போன்றோர் கண்டித்தனர். குழு மசியவில்லை. குழுவிலிருந்த ஹெர்மன் மெக்நீல் என்ற சிற்பி மட்டும் வருந்தி, தம்மிடம் பயில அழைத்தார். ஒருவருக்கேனும் வெட்கம் இருந்ததே!

பின்னர் உதவித்தொகை பெற்றுப் பாரிசு சென்று திரும்பியவர், நியூயார்க்கின் கருப்பர் பகுதியான ஹார்லெமில் கலைக்கூடம் நடத்தினார். தமக்கு மூடப்பட்ட கதவைப் பிறர்க்குத் திறந்துவிட்டார். ஜேக்கப் லாரன்சு, நார்மன் லூயிசு ஆகிய ஓவியர்கள் அவரிடம் பயின்றவர்களே.

1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு அவர் படைத்தது, பதினாறு அடி உயர யாழ். வரிசையாக நிற்கும் கருப்பினப் பாடகர்களே அதன் நரம்புகள். அவர்களைத் தாங்கும் கரம் ஆண்டவனுடையதாம், அது கிடக்கட்டும். கண்காட்சி முடிந்தது. சுதைச் சிற்பத்தை வெண்கலத்தில் வார்க்கப் பணமில்லை; பாதுகாக்க இடமில்லை. அந்தோ, உடைத்தெறிந்தனர்! நினைவுப் பொருளாக விற்ற சிறு உலோகப் படிகளே எஞ்சின. ஆண்டவன் கரமும் அதைக் காக்கவில்லை.

முப்பதாண்டுகள் உருண்டன. 1969ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், ஹார்லெமைப் பற்றியே பெருங்கண்காட்சி ஒன்றை அமைத்தது. புகைப்படங்கள் ஏராளம், ஹார்லெம் ஓவியர் தீட்டிய ஓவியம் ஒன்றுகூட இல்லை! வாழ்ந்த மக்கள் காட்சிப் பொருளாம். வரைந்த கைகளுக்கு இடமில்லையாம். பென்னி ஆண்ட்ரூசு முதலானோர் வாயிலிலே மறியல் செய்தனர்.

அதே ஆண்டில், அகஸ்டாவிடம் பயின்ற நார்மன் லூயிசு, ரொமேர் பியர்டன், எர்னஸ்ட் கிரிச்லோ ஆகிய மூவரும் சொந்தமாகவே ஒரு கலைக்கூடம் திறந்தனர், இளங்கலைஞர்களின் படைப்புகளை வைக்க. அதற்கு இட்ட பெயர் சின்கே. 1839ல், அடிமைகளை ஏற்றிச்சென்ற அமிஸ்டாட் கப்பலிலே கலகக்கொடி உயர்த்தியவனின் பெயர்.