இருவர் கையும் பாய்மரக் கலமும்

தமிழில் வழங்கும் 'மாலுமி' என்னும் சொல் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்ததாகும். கற்பிப்பவர் என்பது அதன் நேர்ப்பொருள். விண்மீன்களையும் காற்றின் பருவங்களையும் கற்றறிந்து கலத்துக்கு வழி சொன்னவரை அரபுக் கடலோடிகள் அப்பெயரால் அழைத்தனர். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'கிதாபுல் ஃபவாயித்' என்னும் கடல்நூலை இயற்றிய இப்னு மாஜித் அத்தகைய முஅல்லிம் ஆவார். கலத்தின் தலைவரோ நாகுதா. இவ்விருவருக்கும் அப்பால் பாயை ஏற்றி இறக்க ஒரு பெருங்கூட்டமே இருந்தது. கணவனும் மனைவியும் மட்டுமே செல்லும் இன்றைய நெடும்பயணக் கலத்திலோ இப்பணிகள் யாவும் இருவர் மீதே விழுகின்றன. சிறிய கலத்திலிருந்து பெரிய கலத்துக்கு மாற விரும்பும் தம்பதியர் எதுவரை போகலாம் என்ற வினாவுக்குக் கடலோட்டத்தின் வரலாறு தெளிவான விடை தருகிறது.

ஆஸ்திரேலியக் கடலோடியும் எழுத்தாளருமான ஆலன் வில்லியர்ஸ் 1938-39இல் 'பயான்' என்ற குவைத் நாட்டு மரக்கலத்தில் ஏடனிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா சென்று குவைத் வரை பயணம் செய்தார். அக்கலத்தில் பணியாற்றியோர் இருபதுக்கும் மேற்பட்டோர். அதன் முக்கோணப் பாய் மிக நீண்ட ஒரே பருமலில் கட்டப்பட்டிருந்தது. பருமலை மேலேற்ற அனைவரும் ஒன்றாகப் பாடிக் கயிற்றை இழுக்க வேண்டும். காற்றுக்கேற்பத் திசை மாற்றும்போது பாய் முழுவதையும் பாய்மரத்தின் மறுபக்கம் கொண்டுசெல்ல வேண்டும். கலம் பெரிதாக இருந்ததைக் காட்டிலும் பாய் பிரிக்கப்படாமல் ஒன்றாக இருந்ததே அத்தனை கைகளைக் கேட்டது.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. 1902இல் அமெரிக்காவில் கட்டப்பட்ட 'தாமஸ் டபிள்யூ. லாசன்' என்ற கப்பல் பயானைவிடப் பன்மடங்கு பெரியது. ஆயினும் அதனை நடத்தியோர் இருபதுக்கும் குறைவானவர்களே. பாய்ப்பரப்பு ஏழு பாய்மரங்களில் பங்கிடப்பட்டிருந்தது. பாய்களை ஏற்றும் பளுவை நீராவி இயந்திரம் ஏற்றுக்கொண்டது. பங்கிடுதல், இயந்திரத்திடம் ஒப்படைத்தல் என்னும் இவ்விரு வழிகளே இன்றைய தம்பதியர் கலங்களிலும் தொடர்கின்றன.

இருவர் செல்லும் கலம் என்று நாம் சொல்வது உண்மையில் மாறிமாறி ஒருவர் செலுத்தும் கலமாகும். ஒருவர் உறங்கும்போது மற்றவர் தனியாகவே விழித்திருக்கிறார். ஆதலால் தனிப்பயணியர் கண்ட உத்திகளே தம்பதியருக்கும் உதவின. 1960இல் நடந்த தனியர் அட்லாண்டிக் பந்தயத்தில் பிரிட்டனின் பிளான்டி ஹாஸ்லர் 25 அடி நீளமுள்ள 'ஜெஸ்டர்' கலத்தில் 48 நாட்களில் இரண்டாவதாகக் கரை சேர்ந்தார். அவர் பொருத்தியிருந்தது சீன முறைப் பாய். மேல்தளத்துக்குச் செல்லாமலே அதைச் சுருக்க முடிந்தது. சுக்கானைக் காற்றுத்தகடு ஒன்று கவனித்துக்கொண்டது.

பெரிய கலத்தைத் தேர்வதில் எரிக் ஹிஸ்காக், சூசன் தம்பதியரின் வாழ்வு நல்ல பாடமாகும். 30 அடி நீளமுள்ள 'வாண்டரர் 3' கலத்தில் 1952-55இலும் 1959-62இலும் அவர்கள் உலகைச் சுற்றினர். பின்னர் கடலையே இல்லமாக்கக் கருதி, 1960களின் பிற்பகுதியில் 49 அடி நீளமுள்ள இரட்டைப் பாய்மர எஃகுக் கலத்தைக் கட்டினர். நீளம் ஒன்றரை மடங்குக்குச் சற்றே மேல். வடிவ விகிதம் மாறாதிருந்தால் பாய்ப்பரப்பு இரண்டரை மடங்கைத் தாண்டும், எடை நான்கு மடங்கைத் தாண்டும். அக்கலத்தில் அவர்கள் நெடுந்தொலைவு சென்றனர் என்பது உண்மையே. ஆயினும் எரிக் எழுபதைக் கடந்த பின் அவர்கள் தேர்ந்தது 39 அடிக் கலமாகும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கலத்தின் எடை குறைவதில்லை. கையின் வலுவே குறைகிறது.

பெரிய கலம் தம்பதியருக்கு ஆகாது என்று இதிலிருந்து முடிவு கட்டலாகாது. ஸ்டீவ் டாஷூ, லிண்டா தம்பதியர் 1990களில் 78 அடி நீளமுள்ள 'பேவுல்ஃப்' கலத்தை இருவராகவே செலுத்தினர். அதுவும் பாய்களைப் பங்கிட்ட இரட்டைப் பாய்மரக் கலமே. எனினும் இயந்திரத்தை நம்பும் கலத்தில் அது நின்றுவிடும் நேரத்தையும் எண்ணிப் பார்த்தாக வேண்டும். காற்றின் வேகம் இருமடங்கானால் பாயின் மீது விழும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. இயந்திரம் பழுதாகும் இரவில் அந்த அழுத்தம் காத்திருப்பதில்லை.

ஆகவே விலைக்கு வரும் கலத்தின் நீளத்தை அளக்கும் முன், அதன் மிகப்பெரிய பாயையும் நங்கூரத்தையும் காண்பது தகும் என்பது நம் கருத்து. இருவரில் வலுக்குறைந்தவர், மற்றவரை எழுப்பாமல், மின்சாரம் இல்லாத நிலையிலும் அப்பாயைச் சுருக்கவும் அந்நங்கூரத்தைத் தூக்கவும் இயலுமா என்பதைத் துறைமுகத்திலேயே செய்து பார்க்க வேண்டும். இயலுமாயின் 45 அடியும் அவர்களுக்குப் பெரிதன்று. இயலாதாயின் 35 அடியும் அவர்களுக்கு மிகையே.