உதிரி

தாத்தாவின் எச்.எம்.வி. கிராமபோன், சாவி கொடுத்தால் சுற்றியது, பாட்டுதான் கரகரத்தது. சவுண்ட் பாக்ஸைக் கழற்றினேன். மைக்கா தகட்டைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் கல்லாக இறுகியிருந்தது. அதை மாத்திடலாம். பின்பக்க உலோகம்தான் சிக்கல்: துத்தநாகக் கலவையில் கொஞ்சம் ஈயம் கலந்திருந்தால், பல வருஷம் கழித்து உள்ளுக்குள்ளேயே அரித்து, வீங்கி, விரிசல் விடும்.

1908இல் கல்கத்தாவில் இசைத்தட்டு ஆலை வந்தது. தட்டுக்கு முக்கியச் சரக்கு, பூச்சி சுரக்கும் அரக்கு. தாத்தாவின் அரக்குத் தட்டுகள் இன்னும் நன்றாக இருக்கின்றன, உலோகம்தான் செத்துவிட்டது.

மும்பை சோர் பஜாரில் கேட்டேன். “இன்னொரு மெஷினைப் பிரிச்சாத்தான் கிடைக்கும்” என்று ஒன்றைக் காட்டினார் கடைக்காரர்.

அது பாடிக்கொண்டிருந்தது.

வேண்டாம்னு வந்துட்டேன். தாத்தாவின் பெட்டி இன்னும் கரகரக்கிறது.